ஒரு வாசல் மூடிய கடல்



தோட்டப் பள்ளியில் வாழ்நாளெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவரின் நினைவாக அமைந்தது இந்தச் சொற்பொழிவு. இலக்கியமும் மொழியும் பேசப்பட்டுவந்த இந்த மேடையில் ஓர் ஆற்றின் கழிமுகத்தைப் பற்றிப் பேசலாமா என்று நான் தயங்கிக் கேட்டபோது, "பேசுங்கள், அது நம்ம ஆறுதானே" என்றார் அறங்காவலர் ஒருவர். 'நம்ம' என்ற அந்த ஒரு சொல்லே என் பேச்சின் பொருள்.

தெப்ராவ் ஆறு ஜொகூர் நீரிணையில் கலக்கும் இடம் ஓர் அகன்ற குடா. ஒரு பக்கம் ஸ்தூலாங், இன்னொரு பக்கம் பெர்மாஸ் ஜெயா, எதிரே சிங்கப்பூரின் வடகரை. நம்மில் பலர் பெர்மாஸ் ஜெயா பாலத்தின் மேல் தினமும் இதைக் கடக்கிறோம். கடக்கும்போது கண்ணில் படுவது முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்குதான். ஜொகூர்த் தமிழரின் வரலாற்றையும் நாம் இதே போலத்தான் எழுதிவந்திருக்கிறோம். கப்பல், தோட்டம், லயம், பிரட்டு, கோயில், பள்ளி, பிறகு தாமான் வீடு. எல்லாம் தரையில் நடந்த கதை. தோட்டத்துக் கானில், அதாவது வடிகாலில், இறங்கிய தண்ணீர் எங்கே போனது என்று எவரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அது இந்தக் குடாவுக்குத்தான் வந்தது. நம் வரலாற்றின் ஒரு பாதி இங்கே கரைந்து கிடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் இந்த நீர் எப்படி உண்டானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பு. இன்றைய நீரிணை அன்று ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பனி உருகிக் கடல் ஏற ஏற, அந்தப் பள்ளத்தாக்கில் உப்பு நீர் புகுந்தது. மலைச்சரிவுகள் கரையாயின, பக்கத்து ஓடைகளெல்லாம் ஓதம் ஏறி இறங்கும் கழிகளாயின. தெப்ராவ், பிளெந்தோங், மாசாய், ஸ்கூடாய், எதிர்க்கரையில் கிராஞ்சி, சிலேத்தார் என்று இருபுறமும் இருக்கும் ஆறுகள் எல்லாம் அந்தப் பழைய பள்ளத்தாக்கின் கிளைகள்தாம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, கிழக்கிலும் மேற்கிலும் வாய் திறந்த ஒரு நீர்ப்பாதை அமைந்தது.

ஆற்று வண்டலும் கடல் உப்பும் சந்திக்கும் இடத்தில் அலையாத்திக் காடு வளரும். தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து, மிச்சமிருக்கும் காட்டின் ஓரமாக ஒருமுறை போய் நில்லுங்கள். அப்பி-அப்பி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்த மூச்சுவேர்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேரை மேலே அனுப்பி மூச்சு விடுகிற மரம் அது. பக்காவ் மரம் வேறு வழி கண்டிருக்கிறது: அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கும் முட்டுவேர்கள். அதன் விதை மரத்திலேயே முளைத்து, ஒரு முழ நீளப் பச்சைக் கோலாகத் தொங்கி, விழுந்த இடத்தில் வேர் பிடிக்கும். வேர்களுக்கு நடுவே தெம்பாக்குல் மீன், மார்புத் துடுப்பை ஊன்றிச் சேற்றின் மேல் தத்தித் தத்திப் போகும். கண்கள் இரண்டும் தலைக்கு மேலே பிதுங்கி இருக்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள், நம் நிழல் பட்டதும் வளைக்குள் மறைந்து, கொஞ்சம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். பெலாங்காஸ் என்னும் குதிரைலாட நண்டும் இந்தக் கரைகளுக்கு உரியது. உலகில் அதில் நான்கு இனங்களே உண்டு. இரண்டு இந்த நீரிணையில் வாழ்கின்றன. டைனோசர்களுக்கு முன்பே இருந்த உயிர் அது. அதன் இரத்தம் நீலம்.

இந்தக் காட்டின் உதிர்ந்த இலைதான் இங்கே எல்லாவற்றுக்கும் சோறு. இலை மக்குகிறது, அதைத் தின்று நுண்ணுயிரும் சிற்றிறாலும் பெருகுகின்றன, சிற்றிறாலைத் தேடிச் சியாக்காப்பும் மற்ற மீன்களும் வருகின்றன. அந்தச் சிற்றிறாலை உப்பிட்டு இடித்தால் பெலாச்சான். நம் வீட்டுச் சம்பலில் இருக்கும் வாசம் அலையாத்திச் சேற்றிலிருந்து வந்தது. கழியோரத்து நிப்பாப் பனையைப் பாருங்கள். அதன் ஓலையைத் தைத்தால் அத்தாப்பு. தோட்டங்களின் தொடக்கக் காலத்து லயங்களுக்குக் கூரை அத்தாப்புதான். ஐஸ் கச்சாங்கில் பளிங்கு போலக் கிடக்கும் அத்தாப் சீ அந்தப் பனையின் இளங்கொட்டை. கடலுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று நினைத்துக்கொண்டே, அதன் கூரையின் கீழ் படுத்து, அதன் உணவைத் தின்றிருக்கிறோம்.

இந்த நீரை முதலில் வீடாகக் கொண்டவர்கள் ஓராங் சிலேத்தார். தீபகற்ப மலேசியாவின் 18 பூர்வகுடிப் பிரிவுகளில் ஒன்று. கஜாங் ஓலை வேய்ந்த படகிலேயே பிறந்து, படகிலேயே சமைத்து, கழிக்குக் கழி ஓதம் பார்த்து நகர்ந்து வாழ்ந்த மக்கள். இதழாசிரியர் ஜே. ஆர். லோகன் 1847இல் தம் இதழில் இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுதிய காலத்தில் இந்த நீரிணைக்குப் 'பழைய நீரிணை' என்று பெயர். இரு கரையும் அவர்களுக்கு ஒன்றுதான். சிங்கப்பூரின் சிலேத்தார் அவர்கள் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பின்னால் இரண்டு நாடுகளும் எல்லைக்கோடும் வந்தபோது, கோட்டின் நடுவில் வாழ்ந்தவர்கள் ஒரு பக்கம் ஒதுங்க வேண்டியதாயிற்று. இன்று ஜொகூர்க் கரையோரக் கம்போங்குகளில் இருக்கிறார்கள். எந்தக் கழியில் எந்த மாதம் நண்டு கொழுக்கும், எந்த வளைவில் நீரோட்டம் நின்றுபோயிற்று என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இந்தக் குடாவுக்கு ஒரு பதிவேடு உண்டென்றால் அது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

அடுத்து வந்தவர்கள் சீனர். சிங்கப்பூர்த் தீவில் மிளகும் கம்பிரும் பயிரிட்டுக் காட்டை முடித்தபின், தோட்டக்காரர்கள் நீரிணையைக் கடந்தார்கள். ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம் ஓர் ஆற்றங்கரையைத் திருத்திப் பயிரிடும் உரிமையை எழுத்தில் கொடுப்பார். அந்தச் சாசனத்துக்குச் 'சூராட் சுங்கை' என்று பெயர். பெற்றவர் காங்சூ, ஆற்றுக்குத் தலைவர். 1844ஆம் ஆண்டு வாக்கில் டான் கீ சூன் தம் ஆட்களோடு தெப்ராவ் ஆற்றில் ஏறிக் கங்கார் தெப்ராவ் என்ற குடியிருப்பை அமைத்தார். இன்றைய ஜொகூர் பாரு நகரம் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் தொடங்கியது 1855இல்தான். அதாவது தலைநகருக்குப் பத்தாண்டு மூத்தது நம் தெப்ராவ்.

கம்பிர் என்பது வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி வகை. தோல் பதனிடவும் சாயமேற்றவும் ஐரோப்பாவில் அதற்குக் கிராக்கி. இலையைப் பறித்துப் பெரிய இரும்புச் சட்டியில் மணிக்கணக்கில் காய்ச்சி, சாறு சுண்டியதும் கட்டியாக்கி வெட்டுவார்கள். காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு உரம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சட்டிக்கு விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும். பதினைந்து இருபது ஆண்டில் மண்ணின் சத்தும் பக்கத்துக் காடும் ஒன்றாகத் தீரும். தோட்டக்காரர் அடுத்த ஆற்றுக்குப் போவார். பின்னால் லாலாங் புல் மண்டும். மேட்டு மண் மழைக்குக் கரைந்து கழியில் இறங்கும். இந்தக் குடாவில் படிந்த முதல் பெரிய மனித வண்டல் கம்பிர்க் காலத்து மண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அந்தப் பணம் எங்கே போனது என்பது கண்முன்னே நிற்கிறது: தெப்ராவின் காங்சூவாக இருந்து செல்வரான டான் ஹியோக் நீ 1880களில் கட்டிய மாளிகை, சிங்கப்பூரில் இன்று தேசிய நினைவுச் சின்னம். ஜொகூர் பாருவில் அவர் பெயரில் ஒரு தெரு உண்டு. காங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது.

அப்போது ரப்பர் வந்துவிட்டது, ரப்பரோடு நாம் வந்தோம். 1909இல் ஜொகூர் மாநில இரயில் பாதை கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை முடிந்தது. அந்த ஆண்டுகளில் காடுகள் தோட்டங்களாயின. தெப்ராவ் தோட்டம், மவுண்ட் ஆஸ்டின் தோட்டம், உலு திராம் தோட்டம். இன்று அந்தப் பெயர்கள் பேரங்காடிகளுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பொருந்திக்கொண்டன. பால்மரம் வெட்டிய பாட்டி நடந்த இடத்தில் பேத்தி காபி குடிக்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சிதான். பாட்டியின் பெயர் எங்கும் இல்லை என்பதுதான் வருத்தம்.

இரயில் ஜொகூர் பாருவோடு நின்றது. ஆட்கள் படகில் கடந்தார்கள். சரக்கு வண்டிகளை மிதவையில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். ரப்பர் பெருகியதும் கரையில் சரக்குத் தேங்கியது. அதற்குத் தீர்வாக எழுந்ததுதான் கடற்பாலம். 1919இல் வேலை தொடங்கியது. 1923 செப்டம்பரில் சரக்கு இரயிலும் அக்டோபர் முதல் நாளில் பயணிகள் இரயிலும் ஓடின. 1924 ஜூன் 28இல் அதிகாரபூர்வத் திறப்பு விழா. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம்.

கடற்பாலம் என்று சொல்கிறோம். ஆனால் அது தூண்களில் நிற்கவில்லை. உபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் உடைத்த கருங்கல்லைக் கடலில் கொட்டிக் கொட்டி எழுப்பிய கல்கரை அது. ஜொகூர் முனையில் சிறு கப்பல்கள் நுழைந்து போக ஒரு மதகு வைத்தார்கள். மற்றபடி கரையிலிருந்து கரைக்குக் கல்.

இங்கே நான் இராமேசுவரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கே இரயில் ஓடுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1914 பிப்ரவரியில், அதே பிரிட்டிஷ் அரசு பாம்பன் கடலின் மேல் இரயில் பாலம் திறந்தது. இதைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீளம், 145 கண்கள், கப்பலுக்குத் தூக்கித் திறக்கும் ஒரு பகுதி. அங்கே கடல் கண்களுக்கிடையே ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே கல் பக்கத்திலேயே கிடைத்தது, முதல் உலகப் போருக்குப் பின் எஃகு விலை ஏறியிருந்தது, பாலத்தைவிடக் கல்கரைக்குப் பராமரிப்பு குறைவு. பொறியாளர் கணக்கில் இது சரியான முடிவு. அந்தக் கணக்கில் நீரோட்டத்துக்கு எவ்வளவு மதிப்புப் போட்டார்கள் என்பதை விளைவைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

விளைவு இது. இரு வாசலும் திறந்திருந்த நீர்ப்பாதை, ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசல் உள்ள இரண்டு நீண்ட குடாக்களாகப் பிரிந்தது. கிழக்குக் குடாவின் மூடிய முனையை ஒட்டித்தான் தெப்ராவ் ஆறு இறங்குகிறது. ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வருகிறது, இறங்கும்போது போகிறது. ஆனால் உள்மூலையில் இருக்கும் நீர் பெரும்பாலும் அங்கேயே முன்னும் பின்னும் அசைகிறதே தவிர, கடலுக்குப் போய்ச் சேர நெடுநாள் பிடிக்கிறது. ஆற்று நீர் இலேசானது. அது மேலே பரவும். உப்பு நீர் கனமானது. அது கீழே தங்கும். இரண்டும் கலக்காத நாட்களில் அடிநீருக்குப் புதிய காற்று கிடைக்காது. ஆறு கொண்டுவரும் எதுவும் இந்த மூலையில் தங்கிப் படியும். 1923க்குப் பிறகு ஆற்றில் எதை விட்டோம் என்பது, அதற்கு முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு முக்கியமாகிவிட்டது. அதே ஆண்டுகளில்தான் நாம் அதிகமாக விடத் தொடங்கினோம்.

என் தகப்பனார் இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். அதனால் இதைக் கொஞ்சம் நெருங்கிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மங்கிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து ஸ்டோருக்கும் வந்த பாலில் முதலில் தண்ணீர் கலப்பார்கள். பிறகு தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் அமிலத்தை அளந்து விட்டு, தகடுகளைச் செருகி வைப்பார்கள். அமிலம் அதிகமானால் ஷீட் கெட்டுப்போகும், குறைந்தால் உறையாது; அந்த அளவு கை அறிந்தது. உறைந்த கட்டியை உருளையில் விட்டுச் சன்னமான ஷீட்டாக்கிப் புகைவீட்டில் தொங்கவிடுவார்கள். எல்லாரும் எழுதுவது இதுவரைக்கும்தான். தொட்டியில் மிஞ்சிய நீர் என்ன ஆயிற்று? கலங்கிய வெண்மை, புளித்த வாடை. அதில் அமிலம், பாலின் புரதம், சர்க்கரை எல்லாம் இருக்கும். அதோடு தொட்டி கழுவிய தண்ணீர், தரை கழுவிய தண்ணீர், உருளையில் வடிந்த தண்ணீர். எல்லாம் கானில் இறங்கி ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் போகும். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீனுக்கு மூச்சு இருக்காது. "ஸ்டோர் கானுக்கு மேலே தூண்டில் போடு, கீழே போடாதே" என்பார் அப்பா. காரணம் சொன்னதில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. மாலையில் எத்தனை முறை குளித்தாலும் அந்தப் புளித்த வாடை அவர் மேலிருந்து போகாது. அந்த வாடை எங்கள் வீட்டில் சோறாக மாறியது. ஆற்றில் அது வேறொன்றாக மாறியது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தோட்ட வரலாறு முழுமையாகாது.

இதில் தொழிலாளியின் மேல் குற்றம் இல்லை. கழிவை எங்கே விடுவது என்று அவரை யாரும் கேட்கவில்லை. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல்தான் வந்தது. அதன் கீழ்ச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிகள் 1977இலும், ரப்பர் ஆலைகளுக்கான விதிகள் 1978இலும் வந்தன. அதற்குள் ஜொகூரில் ரப்பர் இரண்டு தலைமுறையைத் தாண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எதிர்க்கரையில், செம்பவாங்கில், 1938இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய படை கடற்பாலத்தை வெடிவைத்து உடைத்தது. ஏறத்தாழ 70 அடிக்கு ஒரு வாய் பிளந்தது. பாலத்தின் மேல் சிங்கப்பூருக்குப் போன தண்ணீர்க் குழாயும் அதோடு அறுந்தது. அன்றைக்குக் கடல் அந்த இடைவெளியில் மறுபடி ஓடியிருக்கும். ஜப்பானியர் விரைவில் அடைத்துவிட்டார்கள். மதகு மட்டும் திரும்ப வரவே இல்லை. அந்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர்க் குழாயைக் குறிப்பிட்டேன். 1961 செப்டம்பர் முதல் நாளில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, குனோங் பூலாய், பொந்தியான், ஸ்கூடாய் நீரோடு தெப்ராவ் ஆற்று நீரும் சிங்கப்பூருக்கு உரியதாயிற்று. நாள் ஒன்றுக்கு 86 மில்லியன் கேலன் வரை. 2011 ஆகஸ்ட் 31இல் அது முடிந்தது. ஐம்பது ஆண்டுகள். சிங்கப்பூர்த் தேக்காவில் கடை வைத்திருந்த உறவினர் வீட்டுக் குழாயில் வந்ததும், நம் லயத்தின் பின்னால் ஓடியதும் ஒரே ஆற்றின் நீராக இருந்திருக்கலாம். மேலே நல்ல நீர் எடுக்கப்பட்டது, கீழே கழிவு நீர் விடப்பட்டது. குடாவுக்கு வந்து சேர்ந்தது இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியது.

1970களிலிருந்து மாற்றம் வேகமெடுத்தது. பாசிர் கூடாங்கில் 1977இல் துறைமுகம், சுற்றிலும் ஆலைகள். தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புகளாயின. மேட்டைச் சீவிய செம்மண் ஒவ்வொரு மழைக்கும் ஆற்றில் இறங்கியது. கழியோரச் சதுப்பு தூர்க்கப்பட்டு நகரமாயிற்று. பெர்மாஸ் ஜெயா அப்படிப் பிறந்ததுதான். ஆட்கள் பெருகப் பெருகக் கழிவறை நீரும் சமையலறை எண்ணெயும் பெருகின. செபுலோங், பண்டான், பிளெந்தோங் ஆகிய கிளையாறுகள் எல்லாம் நகரக் கால்வாய்களாகிவிட்டன. சுற்றுச்சூழல் துறையின் அறிக்கைகளில் மாசடைந்த ஆறுகளின் வரிசையில் தெப்ராவ் இடம்பிடித்தது.

எதிர்க்கரையில் வேறு விதமாக நடந்தது. சிங்கப்பூர் தன் வடகரைக் கழிகளை அணையிட்டு நன்னீர் ஏரிகளாக்கியது: 1975இல் கிராஞ்சி, 1986இல் கீழ்ச் சிலேத்தார், 2011இல் புங்கோலும் சிராங்கூனும். ஓராங் சிலேத்தார் படகு விட்ட ஆறு இன்று குடிநீர்த் தேக்கம். அதே சிங்கப்பூர் 1993இல் சுங்கை பூலோவை இயற்கைப் பூங்காவாகத் திறந்து, 2002இல் காப்பகமாக அறிவித்தது. 1990களின் இறுதியில் நீர்நாய்கள் அந்தக் கரையில் மறுபடி தென்பட்டுக் குட்டி போட்டன. அவை இந்தக் கரையிலிருந்து நீந்திப் போனவை என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். இன்று சிங்கப்பூர் நகர மையத்தில் அவற்றைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அவற்றின் தாய்வீடு நம் சேறு என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆசை வர வேண்டும்.

2014இலும் 2015இலும் கிழக்கு நீரிணையில் பாசி பெருக்கெடுத்து, சிங்கப்பூர்ப் பக்கத்துக் கூண்டு மீன் பண்ணைகளில் டன் கணக்கில் மீன் செத்து மிதந்தது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்த, ஓட்டம் குறைந்த, வெயில் காய்ந்த நீரில் இது நடக்கும். பாசிக்கு எல்லைக்கோடு கிடையாது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். நச்சுக் காற்றில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வாரம் வீட்டுச் சன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்த பெற்றோர் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். ஆற்றில் விட்டது ஆற்றோடு போய்விடும் என்ற பழைய நம்பிக்கை அன்றைக்கு முடிந்தது.

இந்தக் குடாவுக்காக நீதிமன்றம் போனவர்கள் ஓராங் சிலேத்தார்தான் என்பதை நன்றியோடு சொல்கிறேன். கரையோரக் கம்போங்குகளைச் சேர்ந்தவர்கள் தொடுத்த வழக்கில், 2017இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுடைய மரபுநில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. படகிலேயே வாழ்ந்தவர்கள் தங்கள் நிலத்தை நிறுவ என்ன சான்று காட்டுவார்கள்? மூதாதையரைப் புதைத்த இடம், வலை கட்டிய இடம், கழிகளின் பெயர்கள். சொல்லி வைத்திருந்தார்கள், அதனால் நிறுவ முடிந்தது. தோட்டம் விற்கப்பட்டபோது நமக்கு அப்படிச் சொல்ல எத்தனை பெயர்கள் மிச்சம் இருந்தன?

ஜொகூரில் பாதுகாக்கப்பட்ட சதுப்புகள் இல்லாமல் இல்லை. சுங்கை பூலாய், தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப் ஆகிய மூன்றும் 2003இலேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. மூன்றும் மேற்குப் பக்கம். நம் கிழக்குக் குடாவுக்கு அப்படி ஏதும் இல்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் 2022இல்தான் அந்தப் பட்டியலுக்குள் வந்தன. பள்ளிக்கரணை சென்னையின் குப்பைமேடாகக் கிடந்த சதுப்பு. பெரும்பகுதி கட்டடங்களுக்கு அடியில் போனபின் மிஞ்சிய துண்டைத்தான் மீட்டார்கள். அதற்கும் பல ஆண்டு காலம் அங்குள்ள குடியிருப்பாளர்கள் எழுதியும் அலைந்தும் போராட வேண்டியிருந்தது. நகரத்துக்கு நடுவே கெட்டுப்போன நீரை யாரும் தானாக வந்து காப்பாற்றுவதில்லை. பக்கத்தில் குடியிருப்பவர்கள் அது தங்களுடையது என்று பேசத் தொடங்கிய பிறகுதான் அரசாங்கம் திரும்பிப் பார்க்கிறது.

கல்கரையைத் திறக்கலாமா என்ற கேள்வி பழையது. அதற்குப் பதிலாக வளைந்த பாலம் ஒன்று கட்டும் திட்டத்தை மலேசிய அரசு முன்வைத்து, 2006 ஏப்ரலில் கைவிட்டது. கப்பல் போக்குவரத்தும் அரசியலும் பேசப்பட்ட அளவுக்கு நீரோட்டம் பேசப்படவில்லை. மேற்கே 1998இல் திறந்த இரண்டாவது பாலம் தூண்களில் நிற்கிறது. அடியில் கடல் ஓடுகிறது. இன்று ஒருவர் இந்த நீரிணையைக் கடக்கப் புதிதாகக் கட்டினால் கல்லைக் கொட்டி அடைக்க மாட்டார். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஆற்றைச் சுத்தம் செய்யாமல் கல்லை மட்டும் திறந்தால், இங்கே தேங்கியிருப்பது அங்கே போகும், அவ்வளவுதான். முதல் வேலை மேலே, கான்களில் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் குடா உயிரோடுதான் இருக்கிறது. கிழக்கே மிதவைகளில் கூப்பாங் என்னும் பச்சைச் சிப்பியைக் கயிறு கட்டி வளர்க்கிறார்கள். சிப்பி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அதனாலேயே நீரில் நஞ்சு இருந்தால் முதலில் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் அலையாத்தியில் கொக்கும் உடும்பும் நண்டும் இருக்கின்றன. விட்டுவைத்த கரையில் பக்காவ் தானாகவே முளைத்து வருகிறது.

அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஒரு வரைபடத்துக்குக் கொடுங்கள். தெப்ராவ், மவுண்ட் ஆஸ்டின், உலு திராம், பிளெந்தோங், மாசாய்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் எழுபது எண்பது வயதில் நம்மிடையே இருக்கிறார்கள். பால் ஸ்டோர் எங்கே இருந்தது, கான் எந்தப் பக்கம் ஓடியது, எந்த ஓடையில் துணி துவைத்தார்கள், எந்த மேட்டில் மழைநீர் நின்றது, எந்த ஆண்டு வாக்கில் மீன் போயிற்று என்று அவர்களைக் கேட்டு, இன்றைய தெரு வரைபடத்தின் மேல் குறிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்வார்கள். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். கோலா மாசாய் கம்போங்குக்கும் போய், அங்குள்ள ஓராங் சிலேத்தார் பெரியவர்களின் அனுமதியோடு, குடாவின் பக்கத்தை அவர்கள் சொல்லக் கேட்டு, அவர்கள் பெயரிலேயே பதிய வேண்டும். மேலே நம் கான்கள், கீழே அவர்கள் கழிகள். இரண்டும் ஒரே தாளில் சேரட்டும். அந்தத் தாளை நகராண்மையிடமும் வடிகால் துறையிடமும் கொடுப்போம். எந்தக் குழாய் இன்னும் எந்த ஓடையில் இறங்குகிறது என்று கேட்கும்போது, கையில் காட்ட ஒன்று இருக்கும். இதற்கு முன்வருபவர்கள் இன்று வாசலில் வைத்திருக்கும் ஏட்டில் தங்கள் தோட்டத்தின் பெயரையும், நினைவிருந்தால் அதன் ஓடையின் பெயரையும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.